பழைய பிளெண்டட் ஸ்காட்ச்சை ருசி பார்ப்பது எப்படி: மூடி திறப்பதிலிருந்து மறுநாள் காலிக் கிளாஸ் வரை

18 வருடமோ 21 வருடமோ பீப்பாயில் கிடந்த ஒரு பிளெண்டட் ஸ்காட்ச் புட்டி உங்கள் அலமாரியில் இருக்கிறது. யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள், இல்லை விமான நிலையத்தில் வாங்கியிருப்பீர்கள். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத் திறந்து, ஐஸ் நிரம்பிய டம்ளரில் ஊற்றி, இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்பீர்கள். கிளாஸ்கோவில் என் வீட்டில் மாதம் ஒருமுறை நாலைந்து பேர் உட்கார்ந்து ருசி பார்க்கிறோம். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள்.

பதில் இதுதான். இளம் விஸ்கி வாய் திறந்த நொடியிலேயே தான் யார் என்று சொல்லிவிடும். வயதான பிளெண்ட் அப்படி இல்லை, அது மெதுவாகப் பேசும். அதுவும் நீங்கள் சரியான வரிசையில் கேட்டால்தான் பேசும். முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு, கடைசியில்தான் தண்ணீர். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது, ஐஸில் மரத்த நாக்கு உடனே தேறாது, அதனால்தான் வரிசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

1. முதலில் லேபிளைச் சரியாகப் படியுங்கள்

லேபிளில் இருக்கும் எண் சராசரி வயது இல்லை. உள்ளே இருப்பவற்றில் மிக இளையது எதுவோ அதன் வயது. 21 என்று போட்டிருந்தால் அதில் கலந்த எல்லா விஸ்கியும் குறைந்தது 21 வருடம் ஓக் பீப்பாயில் இருந்தவை, சில அதற்கும் மேலே. எண்ணே இல்லை என்றால் வயதைப் பற்றி எந்த வாக்குறுதியும் இல்லை என்று அர்த்தம், சட்டப்படி குறைந்தது 3 வருடம் இருந்தால் போதும். ஜானி வாக்கர் புளூ லேபிளில் வயது எண் கிடையாது. அது நல்ல விஸ்கி இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் "25 வருஷத்து சரக்கு" என்று நம்பி அதை வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, "பிளெண்டட் ஸ்காட்ச்", "பிளெண்டட் மால்ட்" இரண்டும் வேறு வேறு. முதலாவதில் மால்ட்டும் (முளைகட்டிய பார்லியில் வடித்தது) க்ரெயின் விஸ்கியும் (பெரும்பாலும் மற்ற தானியங்களில் வடித்தது) கலந்திருக்கும். இரண்டாவதில் வெவ்வேறு ஆலைகளின் மால்ட் மட்டும்தான். இந்த வழிகாட்டி முதல் வகைக்கானது. கிளாஸில் எதைத் தேடப் போகிறோம் என்பதே இதை வைத்துத்தான் மாறும்.

ஆல்கஹால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ரகப் புட்டிகள் பெரும்பாலும் 40 அல்லது 43 சதவீதம், இந்தியாவில் விற்கிற பல புட்டிகள் 42.8. தண்ணீர் சேர்க்கும்போது இந்த எண் வேண்டியிருக்கும்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்ச்சில் தண்ணீரைத் தவிர சேர்க்க அனுமதி உள்ள ஒரே பொருள் நிறத்துக்கான சாதாரணக் காரமல்தான் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைப் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. அடர்ந்த நிறம் என்றால் பழையது என்ற கணக்கு இங்கே செல்லாது.

2. முந்தின நாளே முடிக்க வேண்டிய வேலைகள்

மூடியில் ஆரம்பியுங்கள். நல்ல புட்டிகளுக்குப் பெரும்பாலும் கார்க் மூடி இருக்கும். அலமாரியில் பத்து வருடம் நின்றிருந்தால் அது காய்ந்து உதிரும் நிலையில் இருக்கலாம். திறப்பதற்கு முன் புட்டியை ஒரு பத்து விநாடி சாய்த்துக் கார்க்கை நனையவிட்டு, நிமிர்த்தி, மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருப்புங்கள். மூடியை முறுக்கி இழுத்தால் கழுத்தோடு உடைந்துவிடும். உடைந்தாலும் பதற வேண்டாம், சுத்தமான டீ வடிகட்டியில் வடித்து வேறு கண்ணாடிப் புட்டிக்கு மாற்றலாம். அதே அளவுள்ள பழைய கார்க் ஒன்றை எப்போதும் கழுவி எடுத்து வைத்திருப்பேன், இரண்டு தடவை அது காப்பாற்றியிருக்கிறது.

முந்தின நாளே திறக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்த உடனே ஊற்றும் முதல் கிளாஸ் கொஞ்சம் இறுகிப்போய் இருப்பதாகவும் இரண்டு மூன்று நாளில் அது தளர்வதாகவும் என் அனுபவம். எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விருந்தாளிகள் வந்த பிறகு உடைந்த கார்க்கோடு போராடுவதைவிட ஒருநாள் முன்னாலேயே திறந்துவிடுவது மேல்.

கிளாஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடியில் அகன்று வாயில் குறுகிய கிளாஸ் வேண்டும். கிளென்கெய்ர்ன் என்று விற்பது இதற்கென்றே வடிவமைத்தது. அது இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேரான அகன்ற டம்ளரில் மணம் சேராது, எல்லாப் பக்கமும் கலைந்து போய்விடும். வாய் குறுகும்போது எழும்புகிற ஆவி ஓரிடத்தில் தங்கும்.

கிளாஸை முந்தின நாள் சோப்பு இல்லாமல் வெந்நீரில் அலசிக் காற்றில் காய விடுங்கள். துணியால் துடைத்தால் துணி வாசம் ஒட்டும். மரஅலமாரியில் கவிழ்த்து வைத்தால் அலமாரி வாசம் உள்ளே சிறைப்படும். காலிக் கிளாஸை முகர்ந்து பாருங்கள், ஏதாவது வாசம் வந்தால் இன்னொரு முறை அலசுங்கள்.

அறையைப் பற்றி. ஒரு முறை நான் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்துவிட்டு, வருகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடும் போடலாம் என்று அரை மணி நேரம் முன்னால் சாம்பார் தாளித்துவிட்டேன். அன்றைக்கு மூன்று கிளாஸிலும் பெருங்காயத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. தாளிப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தலையில் வைத்த மல்லிகை எல்லாமே அருமையான வாசங்கள்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவை அறையில் இருக்கக் கூடாது.

சூடும் முக்கியம். 18 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நல்லது, இங்கே ஸ்காட்லாந்தில் அது தானாகவே அமையும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள் என்றால் 32 டிகிரியில் ஆல்கஹால் வேகமாக எழும்பி மூக்கைக் குத்தும், பின்னால் வருவது எதுவும் தெரியாது. புட்டியையும் கிளாஸையும் ஏசி அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அதே அறையில் உட்காருங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மணம் அடங்கிப்போகும்.

உங்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, பாக்கு, புதினா மிட்டாய், காரம் எதுவும் வேண்டாம். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது. இட்லியோ ரொட்டியோ சப்பென்று ஏதாவது சாப்பிட்டிருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு உட்காருங்கள், ராத்திரி பத்து மணிக்கு உட்காராதீர்கள். களைத்த மூக்கு பாதி வேலைதான் செய்யும்.

3. ஒன்றைத் தனியாகப் பார்க்காதீர்கள்

புதியவர்களுக்கு நான் சொல்லும் யோசனைகளில் அதிகம் பலன் தந்தது இதுதான். ஒரே நிறுவனத்தின் இளையதையும் மூத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிவாஸ் ரீகல் 12, அதன் பக்கத்தில் 18, முடிந்தால் மூன்றாவதாக ராயல் சல்யூட் 21. இவை மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து வருபவை. ஸ்பேசைட் பகுதியில் கீத் என்ற ஊரிலுள்ள ஸ்ட்ராத்ஐலா மால்ட் இந்தக் குடும்பத்தின் முதுகெலும்பு. குடும்பச் சாயல் ஒன்றாக இருப்பதால், வயதால் வந்த வித்தியாசம் என்ன என்பது தெளிவாகப் பிரிந்து தெரியும். வெறும் 21-ஐ மட்டும் குடித்தால் எதோடு ஒப்பிட்டு "ஆழம்" என்று சொல்வீர்கள்? மூத்த புட்டி வேறு நிறுவனத்துடையது என்றால் அதே நிறுவனத்தின் 12 வருடத்து புட்டியை ஒரு சின்ன அளவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 மி.லி. போதும். மூன்று கிளாஸுக்கு மேல் வேண்டாம், நாலாவதில் மூக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும். இளையதிலிருந்து மூத்ததுக்குப் போங்கள். பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகை மணம் உள்ளது எதுவாக இருந்தாலும் அது கடைசியில்தான். புகை ஒரு தடவை நாக்கில் படிந்தால் மென்மையான எதுவும் அதைத் தாண்டி வராது.

இன்னொருவரை ஊற்றச் சொல்லி, கிளாஸ் அடியில் எண் எழுதி ஒட்டி, எது எது என்று தெரியாமல் குடித்தால் இன்னும் நல்லது. விலை தெரிந்த மூக்கு விலைக்குத் தகுந்த மாதிரிதான் மணக்கும். ஆனால் முதல் தடவை இதைச் செய்ய வேண்டாம். முதல் தடவை தெரிந்தே பாருங்கள், இரண்டாம் தடவை மறைத்துப் பாருங்கள்.

மூன்று கிளாஸ் 20 மி.லி. என்றால் மொத்தம் 60 மி.லி., அதில் சுத்த ஆல்கஹால் 24 மி.லி. காரில் வந்தவர்கள் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. ஸ்காட்லாந்தில் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி., இந்தியாவில் 30 மி.கி. மேசையில் ஒரு காலி ஜாடி வையுங்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவது அநாகரிகம் இல்லை, தொழிலாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

4. ஊற்றியதும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

ஊற்றி, கிளாஸ் வாயை ஒரு சின்னத் தட்டால் மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை, ஆனால் அந்தக் கணக்கு சொல்லும் விஷயம் சரிதான்.

ஏன் காத்திருக்க வேண்டும்? மேலே முதலில் எழும்புவது ஆல்கஹாலும், சீக்கிரம் ஆவியாகும் கூர்மையான வாசங்களும். அவை ஓய்ந்த பிறகுதான் மரமும் எண்ணெய்ப்பசையும் தந்த கனமான வாசங்களுக்கு இடம் கிடைக்கும். இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாங்க முடியாமல்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். நாங்கள் அந்த நேரத்தில் நோட்டை எடுத்துத் தேதி, புட்டி பெயர், சதவீதம், அறையின் சூடு எல்லாம் எழுதிக்கொள்வோம்.

ஒயின் மாதிரி கிளாஸைச் சுழற்றாதீர்கள். ஒயினில் ஆல்கஹால் 13 சதவீதம், இதில் 40. சுழற்றினால் அடங்கிக்கொண்டிருந்த காரம் மறுபடி எழும்பும். கிளாஸை ஒரு தடவை மெதுவாகச் சாய்த்து, பக்கச்சுவர் நனைந்ததும் நிமிர்த்துங்கள், அது போதும்.

5. மூக்கு: பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள்

கிளாஸை முதலில் தாடைக்கு நேராக வைத்து அங்கிருந்தே முகருங்கள். பிறகு மெல்ல உயர்த்தி உதட்டுக்கு நேராக. மூக்கை உள்ளே விடாதீர்கள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆல்கஹாலின் குத்தல் பாதியாகக் குறையும். நீளமாக இழுக்காமல் பூவை முகர்வது போலச் சின்னதாக இரண்டு தடவை. அப்புறம் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வாருங்கள். தன் சொந்த வாசத்தில்தான் மூக்கு ஓய்வெடுக்கும்.

கிளாஸை ஒரு மூக்குத்துவாரத்தின் பக்கம் ஒருமுறை, மறுபக்கம் ஒருமுறை கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும்.

இப்போது எதைத் தேடுவது? முதல் சுற்றில் பழவாசங்களைத் தேடுங்கள். ஆப்பிள், பேரிக்காய், சில நேரம் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். இவை எஸ்டர்கள் என்ற வாசப்பொருள்கள், நொதிக்கும்போதே பிறந்தவை. 12 வருடத்ததில் இவை முன்னால் நிற்கும். 18-க்கும் 21-க்கும் போகும்போது அதே பழம் வற்றி, காய்ந்து, உலர்திராட்சை, அத்திப்பழம், பேரீச்சை பக்கம் போயிருக்கும். அப்படி மாறியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இரண்டாம் சுற்றில் மரத்தைத் தேடுங்கள். ஸ்காட்ச் பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் போர்பன் என்ற அந்த ஊர் விஸ்கி வைத்திருந்து வந்த ஓக் பீப்பாய்கள். அவற்றிலிருந்து வெண்ணிலாவும் கொப்பரைத் தேங்காய் வாசமும் வரும். தேங்காய் வாசத்துக்குக் காரணமான பொருளுக்கு விஸ்கி லாக்டோன் என்றே பெயர். ஷெர்ரி ஒயின் பழகிய ஐரோப்பிய ஓக் பீப்பாய் இருந்தால் கிராம்பு, உலர்பழம், கொஞ்சம் துவர்ப்பு. கிராம்பு வாசம் கற்பனை இல்லை, நம் கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் நான் தேடுவது க்ரெயின் விஸ்கியை. இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதே இல்லை. க்ரெயின் விஸ்கி கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ செய்து உயரமான தூண் போன்ற வாலைகளில் வடிப்பது. இளமையில் அது மெலிதாகத்தான் இருக்கும், அதனால் "கலப்படத்துக்குப் போடுவது" என்று மால்ட் பிரியர்கள் ஒதுக்குவார்கள். நல்ல பீப்பாயில் இருபது வருடம் இருந்த க்ரெயினைத் தனியாக ஒருமுறை குடித்துப் பாருங்கள், டாஃபியும் தேங்காய் பர்ஃபியும் மெருகேறிய மரமும் சேர்ந்த வாசம். இன்வர்கார்டன், கிர்வன், கேமரன்பிரிட்ஜ் ஆலைகளின் பழைய க்ரெயின் தனிப் புட்டியாகவும் கிடைக்கிறது. எங்கள் ஊரிலேயே கார்பல்ஸ் பகுதியில் ஸ்ட்ராத்கிளைட் க்ரெயின் ஆலை இருக்கிறது, சிவாஸ் நிறுவனத்துடையது. வயதான பிளெண்டில் மால்ட்டுகளுக்கு நடுவே ஓடும் அந்த இனிப்பான வழவழப்பு பெரும்பாலும் இதன் வேலைதான். அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிளெண்டட் ஸ்காட்ச்சை நீங்கள் குடிக்கும் விதமே மாறிவிடும்.

இன்னும் ஒரு வாசம் உண்டு. தாத்தா வீட்டு மரப்பீரோவைத் திறந்தால் வருமே, பழைய மரம், மெழுகு, கொஞ்சம் காய்ந்த புகையிலை, எல்லாம் சேர்ந்த ஒன்று. 12 வருடத்ததில் அது கிடையாது. 21-இல் அதைத் தேடுங்கள், பெரும்பாலும் பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் வரும்.

ஈர அட்டைப்பெட்டி மாதிரியோ பூசணம் பிடித்த சாக்கு மாதிரியோ மணந்தால் அது வயது இல்லை, கார்க் கெட்டுப்போனதின் வாசம். அணைத்த தீக்குச்சி வாசம் லேசாக இருந்தால் பயப்படாதீர்கள், சில ஷெர்ரிப் பீப்பாய்களில் அது வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

6. முதல் மிடறு, தண்ணீர் இல்லாமல்

முதல் மிடறு கணக்கில் இல்லை. அது வாயைப் பழக்குவதற்கு. அரை டீஸ்பூன் அளவு எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள், ஒரு நிமிடம் சும்மா இருங்கள். முதல் மிடறில் ஆல்கஹாலின் எரிச்சலைத் தவிர எதுவும் தெரியாது. அதை வைத்து "காரமா இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது மிடறுதான் உண்மையானது. ஒரு டீஸ்பூன் அளவு, வாயில் பத்துப் பதினைந்து விநாடி. மெல்வது மாதிரி லேசாகத் தாடையை அசையுங்கள், உமிழ்நீர் சேர்ந்து அது தானாகவே கொஞ்சம் நீர்க்கும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் அதன் கனம். தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, நெய் தொட்ட மாதிரி நாக்கில் படிகிறதா.

அடுத்து சேர்மானம். நுழையும்போது ஒரு ருசி, நடுவில் ஒரு ருசி, விழுங்கும்போது ஒரு ருசி என்று படிப்படியாகப் போகும். அந்தப் படிகளுக்கு நடுவே பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். இனிப்பாக ஆரம்பித்து நடுவில் வெறுமையாகி அப்புறம் மரக்கசப்பில் முடிந்தால் அது நல்ல சேர்மானம் இல்லை, எத்தனை வருடம் போட்டிருந்தாலும் சரி. ஒட்டு தெரியாமல் ஒன்று இன்னொன்றுக்குள் போனால், அதற்குத்தான் காசு. ஒரே ஆலையின் மால்ட்டான சிங்கிள் மால்ட்டில் தனித்து நிற்கும் ஒரு குரலை ரசிக்கிறோம். இங்கே பல பீப்பாய்களைச் சேர்த்தவரின் கைப்பக்குவத்தை ரசிக்கிறோம். நல்ல சாம்பாரில் எந்தப் பொருளும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காதே, அது மாதிரி.

மூன்றாவது துவர்ப்பு. தமிழில் இதற்குத் தனிச்சொல் இருப்பது பெரிய வசதி. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. பாக்கு மென்றாலோ ஆறிப்போன கெட்டி டீ குடித்தாலோ ஈறு இழுக்குமே, அதுதான் பீப்பாய் மரத்தின் டானின். கொஞ்சம் இருந்தால் இனிப்புக்கு எல்லை போடும். வாய் முழுக்க வறண்டுபோனால் அந்த விஸ்கி மரத்தில் ரொம்ப நாள் கிடந்துவிட்டது. வயது கூடக் கூட எல்லாம் நன்றாகத்தான் ஆகும் என்பது தப்பு. எனக்கு 30 வருடத்துப் புட்டிகள் சிலவற்றைவிட 18-களே பிடிக்கும்.

விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் வாசம் முன்பக்கம் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது? 12 வருடத்தது அரை நிமிடத்தில் அடங்கினால், 21 வருடத்தது இரண்டு நிமிடம் கழித்தும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். வயதான பிளெண்டின் பாதி அழகு விழுங்கிய பிறகுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் பேச்சை ஆரம்பித்தாலோ வறுத்த முந்திரியை வாயில் போட்டாலோ அத்தனையும் போச்சு.

7. இப்போது தண்ணீர், சொட்டுச் சொட்டாக

முதல் சுற்று முடிந்து, கிளாஸில் ஏறத்தாழ 10 மி.லி. மிச்சம் வையுங்கள். குமிழி இல்லாத சாதாரணத் தண்ணீர், அறைச் சூட்டில். கிளாஸ்கோவில் குழாயைத் திறந்தால் கேட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது, மென்மையானது, அப்படியே ஊற்றலாம். உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்கள் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள், உப்பும் குளோரினும் உடனே தெரியும்.

கணக்கு எளிது. 10 மி.லி. விஸ்கி 40 சதவீதம் என்றால் அதில் 4 மி.லி. ஆல்கஹால். ஒரு மி.லி. தண்ணீர் சேர்த்தால் 36 சதவீதம் சுமார். அரை டீஸ்பூன் சேர்த்தால் 32. சம அளவு சேர்த்தால் 20. விஸ்கிகளைக் கலந்து சேர்க்கும் பிளெண்டர்கள் நூற்றுக்கணக்கான மாதிரிகளை முகரும்போது 20 சதவீதத்துக்குத் தணித்துத்தான் முகர்கிறார்கள். அது குறையைக் கண்டுபிடிக்க நல்லது, ரசிக்க அவ்வளவாக உதவாது.

தண்ணீர் என்ன செய்கிறது? 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரிகள் வைத்து ஒன்றைக் காட்டினார்கள். புகைவாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59-ஐத் தாண்டினால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. தண்ணீர் கலக்காமல் பீப்பாய் வீரியத்திலேயே 60 சதவீதத்துக்கு வரும் விஸ்கிக்குத் தண்ணீர் அவசியம். ஆனால் உங்கள் புட்டி ஏற்கெனவே 40-க்குத் தணிக்கப்பட்டது, அதற்குத் தேவைப்படுவது சில சொட்டுகள்தான்.

ஸ்ட்ராவை ஊசிக்குழாய் மாதிரி விரலால் அடைத்து மூன்று சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து முகருங்கள். இன்னும் மூன்று சொட்டு. எங்கேயோ ஓரிடத்தில் பூவாசமோ தேன்வாசமோ திறந்துகொள்ளும், அங்கே நிறுத்துங்கள். அடுத்த சொட்டுகளில் உடைந்து நீர்த்துப்போகும் இடமும் ஒன்று வரும். அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை வேண்டுமென்றே தாண்டிப் பாருங்கள். பழைய க்ரெயின் அதிகமுள்ள பிளெண்டுகள் சீக்கிரமே உடைந்துவிடுகின்றன, எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

ஐஸ் போட ஆசையாக இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு வேறு கிளாஸில் போட்டுக் குடியுங்கள், அதில் தப்பே இல்லை. அது குடிப்பது, இது ருசி பார்ப்பது.

8. உங்கள் வீட்டு வாசனைகளை வைத்து எழுதுங்கள்

ருசிக் குறிப்புகளில் ஹீதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், ஆரஞ்சு மார்மலேட் என்று படித்துவிட்டு, ஹீதரை வாழ்நாளில் முகர்ந்தே இராதவர் கிளாஸில் அதைத் தேடிக்கொண்டிருப்பார். கிடைக்காததும் தன் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அப்படி இல்லை. வாசத்துக்குப் பெயர் நினைவிலிருந்துதான் வரும், உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஒருமுறை மதுரைக்காரர் ஒருவர் முதல் தடவை வந்து, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொரிவிளங்காய் உருண்டை" என்றார். வறுத்த தானியம், வெல்லப்பாகு, சுக்கு, தேங்காய்ப் பல். அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் மறுபடி முகர்ந்தோம், அச்சு அசலாக அதுதான். பனங்கற்கண்டு, ஜாதிக்காய், சந்தனக்கட்டை, ஊறுகாய் ஜாடி, மழை பட்ட தூசி, எது தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

ஒரு நிபந்தனை, வாய் திறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். ஒருவர் "வெண்ணிலா" என்று சொன்ன அடுத்த நொடி மேசையில் எல்லாருக்கும் வெண்ணிலாதான் வரும். எங்கள் வீட்டில் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். எழுதி முடித்த பிறகு வாசித்து ஒப்பிடும்போதுதான் நிஜமான பேச்சே ஆரம்பிக்கிறது.

9. மீதிப் புட்டியும் காலிக் கிளாஸும்

புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத, சூடு ஏறி இறங்காத இடம் வேண்டும், சமையலறை அலமாரி வேண்டாம். புட்டிக்குள் வருடம் போவதால் வயது கூடாது, பீப்பாயை விட்டு வந்த நாளோடு வயது நின்றுவிட்டது. அதனால் "இன்னும் பத்து வருஷம் வைத்தால் 31 ஆகும்" என்று காத்திருக்க வேண்டாம்.

பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று அதிகமாகிவிடும். மாதக்கணக்கில் மணம் தட்டையாகிப்போகும், மென்மையான பழைய பிளெண்டுகளில் இது சீக்கிரம் தெரியும். சின்னக் கண்ணாடிப் புட்டிக்கு கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நண்பர்களைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள். ராயல் சல்யூட் மாதிரி பீங்கான் குடுவையில் வருவதில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. திறக்கும் முன் சமையலறைத் தராசில் எடை பார்த்து அடியில் எழுதி ஒட்டிவைக்கிறேன்.

அப்புறம், அன்று ராத்திரி கிளாஸ்களைக் கழுவாதீர்கள். கடைசி மிடறு குடித்துவிட்டு அப்படியே மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஆல்கஹால் முழுக்கப் பறந்து, அடியில் ஒரு காய்ந்த வளையம்தான் இருக்கும். இளையதின் கிளாஸை முதலில் முகருங்கள், பிறகு மூத்ததை. எங்கள் வீட்டில் ராத்திரி முழுக்க எதுவுமே தெரியவில்லை என்று சொன்ன ஒரு பெண், காலையில் காபி குடிக்க வந்தவர், 21 வருடத்துக் காலிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கீழே வைக்கவே இல்லை.